பெய்ஜிங்கில் விழாத நிழல்

அகிலுக்குச் சீனப் பேரரசர்களோடு முன்விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் காலையிலிருந்து வெறும் காபியோடு அலையவிட்டு, உச்சி வேளையில் ஒரு மேட்டில் ஏறச் சொன்னால் யார் மேலாவது கோபம் வரத்தானே செய்யும்? சுகந்தினி அக்கா மேல் கோபப்பட முடியாது, சம்பளம் தருகிறவர். மிச்சம் இருந்தவர்கள் பேரரசர்கள்தான்.

“அக்கா, இவ்வளவு செலவு பண்ணி மலை கட்டினவங்க, ஓரமா ஒரு லிஃப்ட் வெச்சிருக்கலாம்.”

“மலை இல்லைத் தம்பி, மேடு. மூச்சை மிச்சம் பிடியுங்கோ. மேல போய்க் கதைக்க வேணும்.”

சுகந்தினி யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஆக்லாந்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருடம், தானாக எரியாத வீடுகளையும் உண்மையில் தொலையாத நகைகளையும் விசாரித்துப் பழகியவர். இப்போது மவுண்ட் ரோஸ்கில்லில், டெய்ரி என்று இந்த ஊர் சொல்லும் ஒரு மூலைக்கடையின் மேல்மாடியில், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அகில் அவருடைய உதவியாளன், திருப்பூர்க்காரன். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, தேவையில்லாத இடத்தில் ஜோக் அடிப்பது என்று அவனுக்கு வேலை நிறைய. கடைசி வேலைக்கு மட்டும் யாரும் அவனை நியமிக்கவில்லை.

அந்த மேடு இருந்த பூங்கா, ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது. பெய்ஜிங்கில் அரண்மனைக்குப் பின்னால், அகழி வெட்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய மேடு ஒன்று உண்டு. அதன் உச்சியில் வரிசையாக ஐந்து மண்டபங்கள். நடுவில் இருப்பது சதுரம், மூன்றடுக்குக் கூரை, பேரரசருக்கே உரிய மஞ்சள் ஓடு. அதன் இரு பக்கமும் பச்சை ஓடு வேய்ந்த எண்கோண மண்டபங்கள். இரண்டு கோடியிலும் நீல ஓட்டோடு வட்ட மண்டபங்கள். இந்தப் பூங்கா அதற்குப் பாதி அளவில் ஒரு நகல். லியாங் என்ற பணக்காரர் ஆசை ஆசையாகக் கட்டிக் கொடுத்தது. மஞ்சள் கண்ணைக் குத்துகிறது, சாம்பல் நிற ஓடு போடக்கூடாதா என்று அக்கம்பக்கத்தார் அடுக்கடுக்காக மனு கொடுத்தார்கள். அசல் பேரரசரிடம் கொடுத்திருந்தால் தலை போயிருக்கும். லியாங்கிடம் கொடுத்ததால் தேநீர் கிடைத்தது.

பூங்காவை நடத்த ஓர் அறக்கட்டளை. தலைவர் பதவிக்குச் சீனர்களுக்குள் இரண்டு கோஷ்டி முட்டிக்கொண்டதில், இரண்டிலும் சேராத ஒருவரைத் தேடினார்கள். அகப்பட்டவர் வரதராஜன். தமிழர் மன்றத்துக்கும் அவரே தலைவர். எந்த மேடையிலும் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால் அவருக்கு மனசு தாங்காது.

நடு மண்டபத்தின் படியில், அவர்களை வரச் சொன்ன ரஜிதன் உட்கார்ந்திருந்தான். காவலாளி, தோட்டக்காரன், குப்பை அள்ளுகிறவன் எல்லாம் அவன்தான். வாசலை ஒட்டிய சின்ன வீட்டில் மனைவி, மகளோடு குடியிருக்கிறான். வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். இன்று சாயங்காலம் லியாங் வருகிறார். வந்ததும் ரஜிதனை நீக்கிவிட்டு, போலீசில் பெயரைக் கொடுப்பது என்று வரதராஜன் முடிவு செய்திருந்தார். எஞ்சியிருந்தது இந்த ஒரு மத்தியானம்.

“முதலில இருந்து சொல்லுங்கோ,” என்றார் சுகந்தினி.

“போன கிழமை வியாழன் அக்கா. பூங்கா சனி ஞாயிறு மட்டும்தான் சனத்துக்குத் திறக்கிறது. மற்ற நாளில நான் மட்டும்தான். மத்தியானம் கீழ போய் ஒரு வாய் சோறு திண்டுட்டு வந்தன். கதவு பூட்டினபடி பூட்டித்தான் கிடந்தது. திறந்து பாத்தா, பீடம் மட்டும் இருக்கு. புத்தர் இல்லை.”

“பூட்டின்ரை திறப்பு ஆர் ஆரிட்டை?”

“ஒண்டு என்னட்டை. மற்றது தலைவரிட்டை. அவர் அப்ப பெய்ஜிங்கில. நேற்றுத்தான் திரும்பினவர்.”

“அப்போ புத்தரே எழுந்து போயிருக்கணும்,” என்றான் அகில். “யார்கிட்டயும் சொல்லாம வீட்டை விட்டுக் கிளம்பின அனுபவம் அவருக்கு உண்டு.”

ரஜிதன் சிரிக்கவில்லை. அகிலுக்கே சங்கடமாகிவிட்டது.

காணாமல்போன சிலை ஒரு முழ உயரம், கன்னங்கரேலென்ற வெண்கலம். 1900இல் அந்நியப் படைகள் பெய்ஜிங்கில் நுழைந்தபோது, ஐந்து மண்டபங்களிலும் இருந்த ஐந்து புத்தர்களில் நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நடுவில் இருந்தவரை உடைத்துப் போட்டார்கள். அதெல்லாம் சரித்திரம். அந்தக் கொள்ளையில் போன சிலைகளில் ஒன்று ஏலத்தில் தன் கைக்கு வந்து சேர்ந்தது என்பது லியாங்கின் கதை. அதை ஒரு பலகையில் பொறித்து மண்டபத்து வாசலிலேயே மாட்டியிருந்தார்.

“நான் அவருக்கு ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறனான்,” என்றான் ரஜிதன். “நெத்தியில சந்தனப் பொட்டும். சீனக் கோயில் எண்டு தெரியும் அக்கா. ஆனாலும் கும்பிடுற சாமியை வெறும் நெத்தியோட விடேலுமே?”

“விடேலாதுதான்.”

“அடுத்த நாள் தலைவர் பெய்ஜிங்கில இருந்துகொண்டே மன்றத்து வாட்ஸ்அப் குரூப்பில போட்டிட்டார். நம்பி வைத்த காவலாளி ரஜிதனே திருடன் எண்டு. பேர் சொல்லி. ஊர் முழுக்க அந்தக் குரூப்பில இருக்கு. சனிக்கிழமை மகள் தமிழ்ப் பள்ளிக்குப் போனவள். பிள்ளையள் சுத்தி நிண்டு கேட்டிருக்குதுகள். இனிப் போகமாட்டன் எண்டு அழுறாள். வீடு போனா இன்னொரு வீடு பாக்கலாம் அக்கா. அவளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

அகில் கூரையைப் பார்த்தான். கூரை முனையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பீங்கான் மிருகங்களும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

சுகந்தினி நகர்ந்து, ஓரத்தில் நின்ற ஒரு மரத்தடிக்குப் போனார். அங்கே ஓர் அறிவிப்புப் பலகை. சத்தமாக வாசித்தார். மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர், பகைவர்கள் நகரத்துக்குள் வந்ததும் பெய்ஜிங்கின் அசல் மேட்டு அடிவாரத்தில் ஒரு மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். பின்னால் வந்தவர்கள், பேரரசர் உயிர் போகக் காரணமான குற்றத்துக்காக மரத்துக்குச் சங்கிலி பூட்டிவிட்டதாகச் சொல்வார்கள்.

“ஆட்சி நடத்தத் தெரியாதவர் ராஜா. தண்டனை மரத்துக்கா?” என்றான் அகில்.

“பக்கத்தில நிண்டது மரம்தானே தம்பி. கைக்கு எட்டினதுக்குத்தான் சங்கிலி பூட்டலாம்.” அவர் ரஜிதனைக் கூப்பிட்டார். “தலைவர் பெய்ஜிங்கில எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கோ.”

வரதராஜன் அதே வியாழக்கிழமை, பெய்ஜிங்கில் மத்தியான நேரத்தில், அந்தக் குரூப்பில் போட்ட படம் அது. மண்டபத்தின் முன்படியில் குளிர்ச் சட்டையோடு, இடுப்பில் கைவைத்து நிற்கிறார். பின்னால் திறந்த கதவும் முதல் அடுக்குக் கூரையும். கீழே ஒரு வரி: ‘பேரரசர்கள் நின்ற இடத்தில், பெய்ஜிங்கின் உச்சி வெயிலில், உங்கள் வரதராஜன்.’ அதற்குக் கும்பிடு போட்டவர்கள் எண்ணிக்கை போன பொங்கல் விழாவுக்கு வந்தவர்களைவிட அதிகம்.

“தம்பி, அதே படியில நில்லுங்கோ. அதே மாதிரி இடுப்பில கை வையுங்கோ.”

“எனக்கு எதுக்குக்கா?”

“உங்களுக்கும் ஒரு சிங்காசனம் வேண்டாமோ? சிரியுங்கோ.”

அகில் சிரித்தான். அவர் படம் எடுத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ரஜிதனிடம், “இந்த மண்டபம் எந்தப் பக்கம் பாத்திருக்கு?” என்று கேட்டார்.

“தெற்கு அக்கா. கட்டேக்க எஞ்சினியர் வடக்கைப் பாத்துத் திருப்பச் சொன்னவராம், இஞ்ச வெயில் அந்தப் பக்கம்தானே. லியாங் ஐயா விடேல்லை. பேரரசர் தெற்கைப் பாத்துத்தான் இருக்க வேணுமாம். அதாலை முன்படி காயிறதே இல்லை. எந்த நேரமும் பாசி. தேய்ச்சுத் தேய்ச்சு என்ரை கை போச்சு.”

“கை போனாலும் பரவாயில்லை. சாயங்காலம் இஞ்சயே நில்லுங்கோ. எங்கயும் ஓடிடாதையுங்கோ,” என்று சொல்லிவிட்டு சுகந்தினி கீழே இறங்கத் தொடங்கினார்.

காரில் அகில் தன் ஊகங்களை எல்லாம் அவிழ்த்துவிட்டான். கள்ளச்சாவி. கூரை வழியாகக் கயிறு. சர்வதேசச் சிலை கடத்தல் கும்பல். ரவுண்டானாவில் இரண்டாவது தடவை சுற்றும்போதுதான் சுகந்தினி வாயைத் திறந்தார்.

“தம்பி, ஒரு வீட்டுக்குள்ள போய், வீட்டுக்காரர் காட்ட விரும்பாத அறையைப் பாக்கிறதெண்டா என்ன செய்யவேணும்?”

“பாத்ரூம் எங்கன்னு கேக்கணும்.”

“அது வெள்ளைக்காரர் வீட்டுக்கு. தமிழ் வீடெண்டா அதைவிட நல்ல வழி ஒண்டு இருக்கு.”

வரதராஜனின் வீட்டு வரவேற்பறை அவர் படங்களால் நிறைந்திருந்தது. பொன்னாடைகளோடு, கோப்பைகளோடு, எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாத கைகுலுக்கல்களோடு. அசல் வரதராஜன் வேட்டியில் இருந்தார். சோபாவில் அவர்களை உட்கார வைத்து, கேட்காமலே பெய்ஜிங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“என்ன ஊர் மேடம் அது! அந்த மேட்டுல ஏறி நின்னா, தங்கக் கூரையா அரண்மனை முழுக்கக் கால்கீழ. அப்படியே உடம்பு சிலிர்த்துப் போச்சு.”

“நல்ல வெயிலோ?”

“உச்சி வெயில். மண்டை காஞ்சிருச்சு.”

“மண்டபத்துக்குள்ள போனீங்களா சார்?” என்றான் அகில்.

“போகாம? உள்ள... அருமையான வேலைப்பாடு.” வரதராஜன் இருமினார். “ரஜிதன் விஷயமா வந்திருக்கீங்க. எனக்கும் வருத்தம்தான். பாவம், குடும்பஸ்தன். ஆனா சாவி ரெண்டே ரெண்டு. நான் கடல் கடந்து இருக்கேன். வேற யாரைச் சந்தேகப்பட முடியும், நீங்களே சொல்லுங்க?”

“அதுதானே,” என்று சுகந்தினி எழுந்தார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா வந்திட்டம். சாமியறை எந்தப் பக்கம்? ஒருக்காக் கும்பிட்டுட்டுப் போறம்.”

வரதராஜனின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை அகில் பார்த்தான். தமிழ் வீட்டில் வந்தவர் பாத்ரூம் கேட்டால் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிவிடலாம். சாமி கும்பிட வேண்டும் என்றால் மறுக்க ஒரு வார்த்தையும் கிடையாது. இருந்தாலும் அவர் முயன்றார்.

“இல்ல மேடம், தமயந்தி இப்ப அங்க கிளீன் பண்ணிட்டு...”

“கிளீன் எல்லாம் காலையிலேயே ஆச்சு!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் அவர் மனைவி தமயந்தி. “வாங்க மேடம், வாங்க. வெள்ளிக்கிழமை வந்தவங்களைச் சாமி பார்க்க விடாம பேசிட்டே இருக்காரு பாருங்க. விளக்கு ஏத்திட்டேன்.”

சாமியறை சின்னது. பிள்ளையார், முருகன், லட்சுமி, இரண்டு குத்துவிளக்கு. எல்லாம் பளபளவென்று கண்ணைப் பறித்தன. அவர்களுக்கு நடுவில், மல்லிகைச் சரம் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஒரு முழ உயரத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பளபளத்தார்.

“அது தஞ்சாவூர்ல வாங்கினது,” என்றார் வரதராஜன், யாரும் கேட்காமலே. “காணாமப் போனது கருப்புச் சிலை. இது பாருங்க, மஞ்சள்.”

சுகந்தினி கண்ணை மூடிக் கும்பிட்டார். நிதானமாகத் திருநீறு பூசிக்கொண்டார். பிறகு போனை எடுத்து நீட்டினார்.

“இது நீங்கள் போட்ட படம். இது இண்டைக்கு மத்தியானம் எங்கட அகில், இஞ்ச மேட்டில நிண்டு எடுத்தது. ரெண்டிலயும் ஒரு விசயத்தைப் பாருங்கோ. மூஞ்சை எங்க?”

அகிலும் எட்டிப் பார்த்தான். இரண்டு படத்திலும் முகம் இருட்டாக இருந்தது. வெயில் கூரைக்குப் பின்னாலிருந்து எழும்பி, மண்டபத்தின் நிழலைப் படியில் முன்பக்கமாகத் தள்ளியிருந்தது. தன்னுடைய ஒரே நல்ல சிரிப்பு வீணாகிப் போனதில் அவனுக்கு வருத்தம்.

“பெய்ஜிங் பூமியின்ரை வடக்குப் பக்கம்,” என்றார் சுகந்தினி. “அங்க மத்தியான வெயில் தெற்கில இருந்து வரும். அசல் மண்டபமும் தெற்கைப் பாத்துத்தான் நிக்குது. அப்ப உச்சி நேரத்தில முன்படியில நிக்கிறவருக்கு வெயில் நேர முகத்தில அடிக்க வேணும். நிழல் அவருக்குப் பின்னால விழ வேணும். எங்கட ஆக்லாந்து தெற்குப் பக்கம், இஞ்சதான் மத்தியான வெயில் வடக்கில. தெற்கைப் பாத்த மண்டபத்துக்கு முதுகில வெயில், முகத்தில நிழல், படியில பாசி. இந்த நிழல் பெய்ஜிங்கில விழேலாது.”

“கேமரா கோளாறா இருக்கலாம்...”

“வியாழன் மத்தியானம் இஞ்ச எடுத்துப்போட்டு, பெய்ஜிங்கில மத்தியானம் ஆகுமட்டும் பொறுத்திருந்து போட்டிருக்கிறியள். நேரத்தைச் சரியா மாத்தினீங்கள். சூரியனைத் திருப்பத்தான் மறந்திட்டியள்.”

“அது மட்டுமில்ல சார்,” அகிலுக்கு இப்போதுதான் பொறி தட்டியது. படத்தைப் பெரிதாக்கினான். “பின்னாடி கதவு திறந்திருக்கு. பீடம் காலி. ரஜிதன் சாப்பிட்டு வந்து பூட்டைத் திறந்தப்பதான் புத்தர் காணோம்னு தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி அந்தக் கதவைத் திறந்திருக்கக்கூடிய இன்னொரு சாவி உங்ககிட்டதான்.”

சுகந்தினி அவனை ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக அகில் இன்னும் மூன்று மேடு ஏறத் தயாராக இருந்தான்.

வரதராஜன் சாமியறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“விசா குடுக்கலை மேடம்,” என்றார். “விழா எடுத்து, மாலை போட்டு, மன்றமே ஏர்போர்ட்டுக்கு வந்து வழியனுப்பிச்சு. கவுன்ட்டர்ல விசா வரலைங்கறான். எந்த மூஞ்சியோட திரும்பி வெளியே வர்றது?”

“பெய்ஜிங்ல இருக்கிறவருக்குப் பத்து நாளா நான் இட்லி ஊத்திட்டிருந்தேன்,” என்றார் தமயந்தி. “எந்நேரமும் திரையை இழுத்து மூடியே வீடு. துணி காயப்போடக்கூட வெளிய வரக் கூடாதாம், சீனாவுல வேட்டி காயுமான்னு யாராவது கேட்டுருவாங்களாம்.”

“ஒரு படமாவது போடணும்ல? ரஜிதன் சாப்பிடப் போற நேரமாப் பார்த்துப் போனேன். ஆனா உள்ள அந்தப் புத்தர்... நெத்தியில சந்தனப் பொட்டு, தலையில செம்பருத்தி. பெய்ஜிங்ல அப்படி எந்தப் புத்தர் இருப்பார்?”

“பொட்டை அழிச்சிருக்கலாமே சார்?” என்றான் அகில்.

வரதராஜன் அதிர்ந்து நிமிர்ந்தார். “சாமி நெத்தியில இருக்கிறதை அழிக்கிறதா? அது பாவம் இல்லையா? அதான் அப்படியே தூக்கி, மேட்டுக்குப் பின்பக்கம் நின்ன கார் டிக்கியில வெச்சேன். போன்ல டைமர் வெச்சுப் படம் எடுத்துட்டுத் திருப்பி வைக்கத்தான். அதுக்குள்ள ரஜிதன் வர்ற சத்தம் கேட்டுது. கதவைப் பூட்டிட்டு வந்துட்டேன்.”

“பிறகாவது திருப்பி வைக்கலாமே?”

வரதராஜன் மனைவியைப் பார்த்தார். மனைவி புத்தரைப் பார்த்தார்.

“டிக்கியில, செருப்புக்குப் பக்கத்துல சாமி கிடக்குது மேடம்,” என்றார் தமயந்தி மெல்ல. “மனசு கேக்குமா? வீட்டுக்குள்ள கொண்டாந்தேன். ஒரே கருப்பு, அழுக்கு. இத்தனை வருஷம் யாருமே கவனிக்கலை போலன்னு நினைச்சேன். எலுமிச்சை அளவு புளியை ஊறவெச்சு ஒரு தேய் தேய்ச்சேன். அப்படியே வந்துருச்சு. தங்கமாட்டம் ஆயிட்டாரு. நானே பூரிச்சுப் போயிட்டேன்.”

“அந்தக் கருப்புதான் அதோட மதிப்பே!” வரதராஜன் தலையில் அடித்துக்கொண்டார். “நூத்துக்கணக்கான வருஷத்துக் கருப்பு! அதைப் போய் புளி போட்டு... இந்தக் கோலத்துல எப்படி மேடம் நான் திருப்பி வைப்பேன்? லியாங் என்னைச் சும்மா விடுவாரா?”

“அதுக்காக ரஜிதனைச் சும்மா விடேல்லை, என்ன?” என்றார் சுகந்தினி. அவர் குரல் உயரவே இல்லை. “சாமி நெத்தியில பொட்டை அழிக்கப் பயந்த மனுசன் நீங்கள். ஒரு பிள்ளையின்ரை தகப்பனை ஊர் முழுக்கக் கள்ளன் எண்டு எழுத உங்களுக்குக் கை நடுங்கேல்லை.”

அகிலுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. தமயந்திதான் முதலில் அசைந்தார். பெட்டியிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்து, புத்தரைக் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வண்டியை எடுங்க,” என்றார் கணவரிடம்.

லியாங் சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்தார். மெல்லிய மனிதர், சாம்பல் நிறக் கோட்டு. மண்டபத்தின் முன்படியில் எல்லாரும் நின்றார்கள். ரஜிதன் மட்டும் இரண்டு படி கீழே நின்றான். கடைசியாக ஒரு தடவை தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

வரதராஜன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். விசா, படம், டிக்கி, புளி. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய உரை அதுவாகத்தான் இருக்கும். தமயந்தி பட்டுத் துண்டை விலக்கினார். சாயங்கால வெளிச்சத்தில் புத்தர் ஜொலித்தார். லியாங் அதைப் பார்த்ததும் அவர் உதடு வெளுத்தது. வெடிக்கப் போகிறார் என்று அகில் ஒரு படி பின்னால் போனான்.

“மிஸ்டர் லியாங்,” என்றார் சுகந்தினி. “நான் பழைய இன்சூரன்ஸ்காரி. எனக்கு ஒரு சந்தேகம். நூற்றாண்டுக் கணக்காக வெண்கலத்தில் ஏறிய கறுப்பு, ஒரு உருண்டைப் புளியில், ஒரே தேய்ப்பில் போகுமா? போன மாதம் பூசிய கறுப்பு வேண்டுமானால் போகும்.”

லியாங் சிலையைப் பார்த்தார், வாசலில் மாட்டிய பலகையைப் பார்த்தார், பிறகு சுகந்தினியைப் பார்த்தார். இவரிடம் பொய் சொல்லிப் பயனில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வியாபாரியான அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“எனக்கு விற்றவர் அப்படிச் சொன்னார்,” என்றார் மெல்ல. “கொஞ்ச நாள் கழித்து எனக்கும் தெரிந்தது. அதற்குள் பலகை மாட்டியாகிவிட்டது.”

அகிலுக்கு எல்லாம் விளங்கியது. பெய்ஜிங் போகாத தலைவர். பெய்ஜிங்கிலிருந்து வராத புத்தர். இரண்டு பேருடைய மானத்தையும் காப்பாற்ற, பக்கத்தில் கைக்கு எட்டியவனாக ரஜிதன். இரண்டு பொய்யையும் ஒரே தேய்ப்பில் வெளுத்தது ஓர் உருண்டைப் புளி. சிரிப்பாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

லியாங் தொண்டையைச் செருமினார். போலீஸ் தேவையில்லை, சிலை கிடைத்துவிட்டது, ரஜிதன் வேலையில் தொடரலாம், விஷயத்தை இத்தோடு முடித்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது என்றார். வரதராஜன் அதை வரவேற்றுக் கைதட்டாத குறை.

“நன்றி ஐயா,” என்றான் ரஜிதன். அவன் இன்னும் கீழ்ப்படியிலேயே நின்றான். “ஆனா விசயம் முடியேல்லை. குரூப்பில போட்டது குரூப்பில அப்பிடியே கிடக்கு.”

“போட்டுடலாம்ப்பா, இப்பவே ஒரு திருத்தம்.” வரதராஜன் போனை எடுத்து எழுதி, வாசித்துக் காட்டினார். “‘சிலை கிடைத்துவிட்டது. ஏற்பட்ட குழப்பத்துக்கு வருந்துகிறோம்.’ போதுமா?”

“குழப்பினது ஆர் எண்டு அதில இல்லையே,” என்றார் சுகந்தினி.

வரதராஜன் அழித்தார். எழுதினார். மறுபடி அழித்தார். தமயந்தி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார், பெரும்பாலும் இல்லை என்று. கடைசியில் ஒரு வழியாகச் செய்தி போனது. ‘நான் பெய்ஜிங் போகவில்லை. எனக்கு விசா கிடைக்கவில்லை. சிலையை எடுத்தவன் நான். ரஜிதன் திருடவில்லை. அவரைத் திருடன் என்று எழுதியது என் தவறு, பொய்யும்கூட. வரதராஜன்.’

போன உடனேயே வழக்கம்போல மூன்று பேர் கும்பிடும், ஒருவர் கட்டை விரலும் போட்டார்கள். படித்தார்களா என்பது வேறு விஷயம்.

“ரஜிதன்,” என்றார் வரதராஜன். “தயவு பண்ணி இது அந்த குரூப்போட நிக்கட்டும். ஊருக்குள்ள நாலு பேர் மதிக்கிற மனுசன் நான்.”

“ஓம் ஐயா,” என்றான் ரஜிதன் மிகவும் மரியாதையாக. அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குரூப்புக்கு அனுப்பினான். அனுப்பியது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று நின்று பார்த்துக்கொண்டான். பிறகு மேட்டின் விளிம்புக்கு வந்து, கீழே வீட்டைப் பார்த்து மகளைக் கூப்பிட்டான்.

மகள் வாசலில் வந்து நின்றாள். “வாட், அப்பா?”

“நாளைக்குப் பள்ளிக்கு வெளிக்கிடு!”

“நோ!”

“இதைக் கேட்டுட்டுச் சொல்லு!”

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ரஜிதன் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, முதல் சொல்லிலிருந்து கடைசிப் பெயர் வரை, மேடு அதிரும்படி உரக்க வாசித்தான். நடுவில் குரல் இரண்டு இடத்தில் தழுதழுத்தது; அந்த இரண்டு இடத்தையும் திரும்ப வாசித்தான். வரதராஜன் அங்கேயே நின்று முழுதையும் கேட்க வேண்டியிருந்தது.